செப்பாங்கில் டூரிங் கார் பந்தய வார இறுதி: முதன்முறை பார்க்கச் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உலகத் தரம் வாய்ந்த பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. ஆயினும், 2017ஆம் ஆண்டோடு ஃபார்முலா 1 மலேசியாவை விட்டுப் போனதால் செப்பாங்கில் இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நம்மவர்களில் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியன்று. டூரிங் கார் பந்தயங்கள் அத்தடத்தில் நடந்து வருகின்றன. புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு, என் கருத்தில், ஃபார்முலா 1ஐ விட இவையே ஏற்றவை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலிடத்தில் ஓடும் காரையே கண்ணால் துரத்திக்கொண்டிருந்தால் இப்பந்தயம் சீக்கிரம் சலித்துவிடும். ஐந்தாம் இடத்திற்கும் பன்னிரண்டாம் இடத்திற்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் கூட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

படி 1: எந்த வகைப் பந்தயம் என்று அறிந்துகொள்ளுங்கள்

டூரிங் கார் என்பது, விற்பனைக் கூடத்தில் நாம் வாங்கும் நான்கு அல்லது ஐந்து கதவுள்ள காரின் உடலமைப்பைக் கொண்டு உருவாக்கப்படும் பந்தயக் கார் ஆகும். வெளித்தோற்றத்தில் ஹோண்டா சிவிக் என்றோ ஹியூண்டாய் ஐ30 என்றோ உடனே அடையாளம் தெரியும். உள்ளே ஓட்டுநரின் ஓர் இருக்கையும், கார் உருண்டால் அவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டும் தவிரப் பெரிதாக ஒன்றும் இராது. இன்று உலகெங்கும் பரவலாக உள்ள விதிமுறை டி.சி.ஆர். எனப்படுவது. இரண்டு லிட்டருக்கு மேற்படாத டர்போ இயந்திரம், முன்சக்கர இயக்கம், சுமார் 340 குதிரைத் திறன் என்பன அதன் அடிப்படைகள். இவ்விதிமுறையின்படி உலகில் நடந்த முதல் பந்தயமே 2015 மார்ச் மாதம், மலேசிய கிராண்ட் பிரி எனப்பட்ட ஃபார்முலா 1 பந்தயத்தின் துணைப் போட்டியாகச் செப்பாங்கில்தான் ஓடியது என்பதை உள்ளூர்க்காரர்களே பலர் அறிய மாட்டார்கள். 2019 டிசம்பரில் டூரிங் கார் உலகக் கோப்பையின் கடைசிக் கட்டமும் இங்கேயே நடந்து, ஹங்கேரியின் நோர்பர்ட் மிகெலிஸ் ஹியூண்டாய் காரில் பட்டத்தை வென்றார்.

இதே வகைக் கார்களைக் கொண்டு நெடுந்தொலைவுப் பந்தயமும் நடத்தப்படுவதுண்டு. செப்பாங் 1000 கிலோமீட்டர் என்னும் போட்டியில் ஒரு காரைப் பலர் மாறி மாறி ஓட்டுவார்கள், 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை 181 முறை சுற்றினால்தான் அத்தொலைவு முடியும். பட்டறையில் வண்டியைத் தாமே சீராக்கிக் கொண்டுவரும் உள்ளூர்க் குழுக்களைப் பார்க்க விரும்பினால் அதற்குப் போகலாம். ஆயினும் தொடக்கத்திலேயே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும் குறும்பந்தயங்களைக் கொண்ட வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள், இவ்விளக்கம் அதற்குரியது.

படி 2: போக்குவரத்தும் கைப்பொருள்களும்

காரில் செல்வோர் எலிட் நெடுஞ்சாலை வழியாகவோ, மெக்ஸ் நெடுஞ்சாலையில் புத்ராஜெயா வழியாகவோ விமான நிலையத் திசையில் சென்றால் போதும். சுங்கக் கட்டணம் செலுத்த உதவும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இரயிலில் வருவோர் கேஎல் சென்ட்ரலில் கேஎல்ஐஏ டிரான்சிட் ஏறிச் சாலாக் திங்கியில் இறங்கி, அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுக்கலாம். நுழைவுக் கட்டணமும் திறந்துவிடப்படும் பார்வையாளர் பகுதிகளும் போட்டிக்குப் போட்டி மாறுவதால், அந்தந்த வாரத்து அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பகல் வெயிலுக்குத் தொப்பி, பிற்பகல் மழைக்கு மழையங்கி, குழந்தைகளை அழைத்துச் சென்றால் காதடைப்பான், போதிய குடிநீர் ஆகியவை கட்டாயம். கைப்பேசிக்கு மின்னேற்றி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

படி 3: இருக்கையைத் தேடும் முன் தடத்தைப் படியுங்கள்

செப்பாங் தடம் 1999இல் திறக்கப்பட்டது. ஜெர்மானியர் ஹெர்மன் டில்கே வடிவமைத்தது. மொத்தம் 15 வளைவுகள். கார்கள் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடும். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அருகருகே செல்ல, அவற்றின் நடுவே முதன்மைப் பார்வையாளர் அரங்கம் நிற்கிறது. பின்புற நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வரும் கார்கள், பதினைந்தாம் வளைவில் கடுமையாகப் பிரேக் பிடித்து இடப்புறம் திரும்பி, ஏறத்தாழ வந்த திசைக்கே மடங்கி, அரங்கத்தின் மறுபுறமுள்ள தொடக்க நேர்ப்பாதைக்குள் நுழைகின்றன. அவ்வளவு நீண்ட நேர்ப்பாதையில் முன்காரின் பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். அந்தக் கூடுதல் வேகத்தை வைத்துக்கொண்டு அவர் பிரேக் பிடிக்கும் இடத்தில் உட்புறமாக மூக்கை நுழைக்கப் பார்ப்பார். ஆகவே அரங்கத்தில், பதினைந்தாம் வளைவை ஒட்டிய முனையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

இனிச் சொல்வதைச் சற்று நிதானமாக வாசியுங்கள், ஏனெனில் செப்பாங்கில் டூரிங் கார் பந்தயத்தின் சுவை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பதினைந்தாம் வளைவு இடப்புறம் திரும்புவது. அதில் உட்புறமாகப் பாய்ந்து முந்தியவர், மிகத் தாமதமாகப் பிரேக் பிடித்த காரணத்தால் வளைவின் முடிவில் வெளிப்பக்கம் அகன்றுவிடுவது வழக்கம். முந்தப்பட்டவரோ அதற்கு முன்பே காரைத் திருப்பி, முன்னதாகவே வேகமெடுத்து, மறுபடியும் அவருக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். இருவரும் தொடக்க நேர்ப்பாதையில் தோளோடு தோள் உரசியபடி முதல் வளைவை அடைவார்கள். முதல் வளைவு வலப்புறம் திரும்புவது. அதில் வலப்பக்கம் இருப்பவருக்கே உட்பாதை. ஆனால் அதை அடுத்து உடனே வரும் இரண்டாம் வளைவு இடப்புறம் மடங்குவதால், முதல் வளைவில் வெளிப்புறம் தள்ளப்பட்டவருக்கு இப்போது உட்பாதை கிடைத்துவிடுகிறது. மூன்றாம் வளைவு மீண்டும் வலப்புறம். ஒரே முந்தும் முயற்சிக்கு இவ்வாறு நான்கு வளைவுகள் வரை பதிலும் எதிர்ப்பதிலும் நடக்கும்; யார் முன்னால் வந்தார் என்பது மூன்றாம் வளைவு தாண்டிய பிறகுதான் உறுதியாகும். பெருந்திரையில் ஒருவர் முந்திவிட்டதாகக் காட்டியதும் கைதட்டிவிட்டுக் குனிந்து பொட்டலத்தைப் பிரிக்கும் பார்வையாளர் மீதிப் பாதியைத் தவறவிடுகிறார்.

ஐந்தாம், ஆறாம் வளைவுகள் வேகமாக இடமும் வலமும் சுழலும் இணை. அங்கே முந்துவது அரிது. முன்டயர்களின் உயிர் கரைவது அங்கேதான்.

படி 4: வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் நேரப் பட்டியலை வாசிக்கப் பழகுங்கள்

பயிற்சி ஓட்டத்தைத் தவறவிட்டால் பெரிய இழப்பில்லை. வேலை நாளில் விடுப்பு எடுக்க இயலாதவர்கள் இப்படியை வீட்டிலிருந்தே செய்யலாம். பல தொடர்களில் நேரடி நேரப் பட்டியலைக் கைப்பேசியில் பார்க்க முடியும். தடம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் காட்டப்படும். ஊதா நிறம் எல்லோரிலும் வேகமானதையும், பச்சை அந்த ஓட்டுநர் தமக்குத் தாமே முறியடித்ததையும் குறிக்கும். டி.சி.ஆர். கார் ஒன்று செப்பாங்கைச் சுற்றச் சுமார் இரண்டே கால் நிமிடம் ஆகும். எவர் முதலில் இருக்கிறார் என்பதை விட, ஒரே ஓட்டுநர் அடுத்தடுத்த சுற்றுகளில் எவ்வளவு சீராக ஓடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் மட்டும் மின்னி, அடுத்த மூன்றில் தேய்ந்துபோகும் கார் ஞாயிற்றுக்கிழமை பின்வாங்கும். புதிய டயர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் சிலர் பழைய டயரிலேயே பயிற்சியை முடிப்பார்கள். அவர்களுடைய நேரத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்.

இப்பட்டியலிலிருந்து இரண்டு அல்லது மூன்று கார்களை உங்களுக்கென்று தேர்ந்தெடுங்கள். முதல் வரிசையிலிருந்து வேண்டாம். எட்டாம் இடத்தைச் சுற்றி இருப்பவர்களாக இருக்கட்டும். வண்ணத்தையும் எண்ணையும் மனத்தில் பதித்துக்கொண்டால் நெரிசலிலும் கண்டுபிடிக்கலாம்.

படி 5: தகுதிச் சுற்றுக்குக் கட்டாயம் செல்லுங்கள்

இரண்டு நாளில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், தகுதிச் சுற்றும் முதல் பந்தயமும் சேர்ந்து வரும் நாளையே தேர்ந்தெடுப்பேன். பல டி.சி.ஆர். தொடர்களில் தகுதிச் சுற்று இரு பாகமாக நடக்கும். முதற்பாகத்தில் எல்லோரும் ஓட, வேகமான சிலர் மட்டும் இரண்டாம் பாகத்திற்குச் செல்வார்கள். அதன் முடிவே முதல் பந்தயத்தின் தொடக்க வரிசை. இரண்டாம் பந்தயத்திற்கோ முதல் பத்து இடங்கள் தலைகீழாக்கப்படும். அதாவது, தகுதிச் சுற்றில் பத்தாவதாக வந்தவர் முதலிடத்திலிருந்து புறப்படுவார், முதலாவதாக வந்தவர் பத்தாம் இடத்திலிருந்து போராட வேண்டும். ஆகவே, தகுதிச் சுற்றின் இறுதி நிமிடங்களில் பத்தாம் இடத்திற்கும் பதினோராம் இடத்திற்கும் நடக்கும் போட்டியைக் கவனியுங்கள். அங்கே நூறில் ஒரு வினாடி வேறுபாடு, மறு பந்தயத்தில் பத்து இட வேறுபாடாக மாறிவிடும். இது நியாயமா என்று பழைய இரசிகர்கள் வாதிடுவதுண்டு. வேகமான கார்கள் பின்னாலிருந்து முன்னேறி வருவதைப் பார்க்கத்தானே பணம் கொடுத்து வருகிறோம் என்பது என் கட்சி.

சமநிலை காப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் கார்களை ஒரே அளவில் வைத்திருப்பதற்காக எடை, தரையிலிருந்து உயரம், இயந்திரத் திறன் ஆகியவற்றை அமைப்பாளர்கள் திருத்துவார்கள். பல தொடர்களில், வென்ற காரின் முதுகில் அரிசி மூட்டை ஏற்றி அனுப்புவதைப் போலக் கூடுதல் எடையையும் சுமத்துவார்கள். முன்சக்கர இயக்கக் காரில் திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன்டயர்களின் வேலை என்பதால், அந்த எடை பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில்தான் வெளிப்படும்: வளைவில் முன்பக்கம் வழுக்கி, கார் வெளிப்புறம் தள்ளப்படத் தொடங்கும்.

படி 6: பந்தயத்தின்போது கண்களை எங்கே வைப்பது

சிவப்பு விளக்குகள் அணைந்தவுடன் பின்வரிசைகளைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால், இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வீணே சுழலும். அதைச் சரியாக அடக்கிய ஒருவர் முதல் வளைவுக்குள்ளேயே மூன்று நான்கு இடங்கள் ஏறிவிடுவார். பின்சக்கரங்கள் இழுவை வேலை செய்யாமல் உருண்டு மட்டும் வருவதால் அவற்றின் டயர்கள் சூடேற நேரமெடுக்கும்; முதலிரண்டு சுற்றுகளில் காரின் வால் திடீரென விலகுவதற்குக் காரணம் அதுவே. வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதையும் காண்பீர்கள். அது பழுது அன்று. இவ்வகைக் கார்களின் இயல்பு.

இலேசான உரசல்கள் இங்கே அன்றாட நிகழ்வு. இடித்துத் தள்ளி இடம் பிடித்தால் நடுவர்கள் விசாரிப்பார்கள். நேரத் தண்டனையோ, டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் கார்கள் ஒதுங்கும் பிட் பாதை வழியாக மெதுவாகக் கடந்து செல்லும் தண்டனையோ கிடைக்கும். கொடிகளில் இவற்றை அறிந்திருந்தால் போதும்: மஞ்சள் ஆபத்தைக் குறிக்கும், அங்கே முந்தக் கூடாது, இரண்டு மஞ்சள் என்றால் நிறுத்தவும் தயாராக இருக்க வேண்டும், நீலம் என்றால் ஒரு சுற்று முன்னால் இருப்பவர் பின்னால் வருகிறார், மஞ்சளும் சிவப்பும் கோடிட்ட கொடி தடம் வழுக்குவதைச் சொல்லும், ஆரஞ்சு வட்டமிட்ட கறுப்புக் கொடி காட்டப்பட்டவர் காரில் கோளாறு இருப்பதால் பிட்டுக்கு வர வேண்டும், சிவப்பு, ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

மழை வந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 2009ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயம் இங்கே கனமழையால் பாதியில் நிறுத்தப்பட்டு, 31ஆம் சுற்று நிலவரப்படி ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவிக்கப்பட்டு, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் எல்லா மழையும் அப்படி முடிவதில்லை. தடத்தின் ஒரு மூலையில் கொட்டும்போது மறு மூலை காய்ந்து கிடப்பது செப்பாங்கின் வாடிக்கை. அப்போது வழவழப்பான டயரிலேயே தாக்குப்பிடிப்பதா, மழை டயர் மாட்டிக்கொள்வதா என்ற தீர்மானத்தை ஒவ்வொரு குழுவும் தொடக்க வரிசையிலேயே எடுத்தாக வேண்டும். குறும்பந்தயத்தில் டயர் மாற்றப் பிட்டுக்குள் வந்தவர் பெரும்பாலும் இழந்த இடத்தை மீட்க முடியாது.

படி 7: முடிவு வந்த பின்

பந்தய முடிவைக் காட்டும் கட்டக் கொடி விழுந்தவுடன் அறிவிக்கப்படும் வரிசை தற்காலிகமானது. கார்கள் பூட்டிய வளாகத்தில் நிறுத்தப்பட்டு எடையும் உயரமும் அளக்கப்படும். உரசல்கள் பற்றிய விசாரணையும் நடக்கும். மேடையில் கோப்பை வாங்கியவர் மாலையில் ஆறாம் இடத்திற்கு இறங்கியிருப்பதும் உண்டு. வாகன நெரிசல் கலையும் வரை அரங்கத்திலேயே இருந்து, அறிவிக்கப்பட்ட தண்டனைகளை நீங்கள் கண்ட உரசல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிராப் எடுக்க வேண்டியவர்கள் மட்டும் கடைசிப் பந்தயம் முடிந்தவுடனேயே வாசலுக்கு நகர்வது நல்லது. நீங்கள் தேர்ந்தெடுத்த கார்கள் எங்கே முடித்தன என்பதை இரவு வெளியாகும் இறுதிப் பட்டியலில் பார்த்துவிட்டு, அடுத்த பந்தய வார இறுதியில் எந்தக் காருக்குக் கூடுதல் எடை ஏறுகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.