அம்மாவின் கைப்பையில் இருக்கும் ஒரு தாள்

அம்மாவுக்கு 64 வயது. பிறவியிலிருந்தே சிக்கிள் செல் நோய்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, ரத்தக் குழாய்களை அடைத்து வலி தரும் பரம்பரை நோய். அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோயின் கடுமையான வகை உள்ளவர்களில் பாதிப் பேர் ஆண்களானால் 42, பெண்களானால் 48 வயதுக்குள் இறந்துபோனார்கள். இன்று அந்த வயதைத் தாண்டி வாழ்கிறவர்கள் கூடிவருகிறார்கள். ஆனால் முதுமையும் இந்த நோயும் சேர்ந்த ஒருவரை அதிகம் பார்த்திராத டாக்டர்தான் அவசரப் பிரிவில் பெரும்பாலும் நம் முன் நிற்பார்.

ஓர் இரவு அப்படித்தான் ஆனது. வலியோடு போன அம்மாவின் ஹீமோகுளோபின் 7.4 என்று பார்த்ததும் உடனே ரத்தம் ஏற்றச் சொன்னார்கள். 7.4 அவருக்கு எப்போதும் இருக்கும் அளவு. அதை நிரூபிக்க என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. மறுநாளே ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் எழுதிவிடுங்கள்.

முதலில் எழுத வேண்டியது, வலியோ காய்ச்சலோ இல்லாத நாளில் எடுத்த அளவுகள்: ஹீமோகுளோபின், பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), ரத்த அழுத்தம், ஆக்சிஜன். சாதாரணமாகச் சிவப்பணு 120 நாள் வாழும். இந்நோயில் 10 முதல் 20 நாள்தான். அதனால் ரத்தம் குறைவாகவும் கண் லேசாக மஞ்சளாகவும் இருப்பது வழக்கம். சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வந்தால், பரிசோதனை செய்தபின் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பலமுறை ரத்தம் ஏற்றியவர் உடலில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கலாம்.

கிரியாட்டினின்தான் என்னை ஏமாற்றியது. இந்நோய் உள்ளவர்களுக்கு அது இயல்பிலேயே குறைவாக இருக்கும். அம்மாவுக்கு 0.5 இருந்தது 0.9 ஆனது. லேப் ரிப்போர்ட்டில் அது 'நார்மல்' வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் அவருடைய கணக்கில் ஏறக்குறைய இரு மடங்கு. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையையும் (எச்பிஏ1சி) நம்ப முடியாது. சிவப்பணுவே மூன்று மாதம் இருப்பதில்லை, அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நேரடியாக ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், அல்லது சிவப்பணுவைச் சாராத ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைக் கேளுங்கள்.

அடுத்து, ரத்தம் ஏற்றிய வரலாறு. ஏற்றிய ரத்தத்தை எதிர்த்து உடலில் எந்தெந்த ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) உருவாகியிருக்கிறது என்பதை ரத்த வங்கியில் கேட்டுத் தாளில் எழுதுங்கள். காலப்போக்கில் அது பரிசோதனையில் தெரியாமல் மறைந்துவிடும், ஆபத்து மறையாது. ரத்தம் ஏற்றிய சில நாட்களிலோ வாரங்களிலோ சிறுநீர் கருத்து, மஞ்சள் கூடி, வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எந்த மருந்து, எந்த அளவில் கேட்கிறது என்பதைத் தாளில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் கிடைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் வழிகாட்டி, தயங்காமல் கேளுங்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்; மார்ஃபினும் அப்படிப்பட்டவர்கள் உடலில் தேங்கி அளவுமீறி மயங்கவைக்கும். ஆகவே சிறுநீரகத்தின் நிலை தெரிந்த டாக்டர்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

எல்லா வலியையும் சிக்கிள் செல் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அம்மா மூன்று மாதம் இடுப்பு வலியை 'வழக்கமான வலிதான்' என்று பொறுத்துக்கொண்டார். படம் எடுத்துப் பார்த்தால், ரத்த ஓட்டம் இல்லாமல் தொடை எலும்பின் தலைப்பகுதி நசிந்திருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்: "எப்பவும் வர்ற மாதிரிதானாம்மா, இல்ல வேற மாதிரியா?" வேறு மாதிரி என்றால், அது நெஞ்சு வலியாகவும் இருந்தால், முதலில் ஈசிஜி. மூச்சுத்திணறலோ இருமலோ சேர்ந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும்.

38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். தொற்று மளமளவென்று பரவும். நிமோகாக்கல், ஃப்ளூ தடுப்பூசி போட்ட தேதிகளையும் தாளில் எழுதுங்கள். வலி வருவதைக் குறைக்கத் தினமும் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எடுப்பவரென்றால் சிறுநீரகம் தளரத் தளர டோஸைக் குறைக்க வேண்டிவரும், ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் நான் முதலில் மாற்றியது இரவைத்தான். இந்நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாது. அம்மா இரவில் நான்கு முறை எழுந்திருப்பார். அதற்குப் பயந்து மாலையிலேயே தண்ணீரை நிறுத்தியிருந்தார், அதுவே வலியைக் கூட்டியது. தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தேன். கட்டிலிலிருந்து கழிவறைவரை சிறு விளக்குகள், சுவரில் கைப்பிடி. இடுப்பு எலும்பு நசிந்தவர் இருட்டில் விழுந்தால் எழுவது கடினம்.

தாளுக்கு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று வாசல் கதவின் உட்புறம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்குப் பக்கத்தில் புதியதைத் தேதியோடு எழுதுங்கள்.