யூசர்ஃபார்மில் தட்டச்சு செய்ததை மேக்ரோவுக்குக் கொண்டுவருவது எப்படி?

எக்செலில் ஒரு யூசர்ஃபார்ம் (தகவல் உள்ளிடும் சாளரம்), அதில் பெயருக்கு ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ், ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பட்டன்கள். இவ்வளவும் தயாராக இருக்கட்டும். உள்ளிட்ட பெயர் மேக்ரோவின் (எக்செலின் நிரல்மொழியான விபிஏவில் எழுதிய நிரலின்) அடுத்த வரிக்கு வந்து சேர வேண்டும். அதை மட்டும் பார்ப்போம்.

மேக்ரோவில் ஃபார்ம் வகையில் ஒரு மாறியை அறிவித்து, ‘நியூ’ கொண்டு புது ஃபார்ம் உருவாக்குங்கள். முன்கூட்டியே ஏதாவது காட்ட வேண்டுமென்றால் இப்போதே டெக்ஸ்ட்பாக்ஸில் நிரப்பிவிடுங்கள். அடுத்து ‘ஷோ’. ‘ஷோமோடல்’ பண்பை நீங்கள் மாற்றாதவரை மேக்ரோ அந்த வரியிலேயே காத்து நிற்கும். ஃபார்ம் மறைந்த பிறகுதான் நகரும்.

சிக்கல் ‘சரி’ பட்டனில்தான். பழக்கதோஷத்தில் ‘அன்லோட் மீ’ என்று எழுதிவிடாதீர்கள். ஃபார்மை மறைக்கும் ‘மீ டாட் ஹைட்’ போதும். அன்லோட் செய்தால், அதாவது நினைவகத்திலிருந்து நீக்கினால், ஃபார்மோடு அதிலிருந்த மதிப்பும் போய்விடும். மாறி இல்லாமல் ‘யூசர்ஃபார்ம்1’ என்று நேரடியாக அழைப்பவர்களுக்கு இது இன்னும் மோசம்: அடுத்த வரியில் டெக்ஸ்ட்பாக்ஸைப் படிக்கும்போது விபிஏ சத்தமில்லாமல் புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, வெற்று மதிப்பைத் தரும். பிழைச் செய்தியே வராது. ஃபார்ம் உருவாகும்போது இயங்கும் ‘இனிஷியலைஸ்’ நிகழ்வில் ஒரு மெசேஜ்பாக்ஸ் வைத்துப் பாருங்கள், அது இரண்டு முறை எட்டிப் பார்க்கும்.

ரத்துக்கு ஃபார்மின் உள்ளேயே ‘ரத்தானதா’ என்று ஒரு பப்ளிக் பூலியன் மாறி (வெளியிலிருந்தும் படிக்கலாம்; ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ மட்டுமே ஏற்கும்). ‘ரத்து’ பட்டன் அதை ‘ட்ரூ’ ஆக்கிவிட்டு ஃபார்மை மறைக்கட்டும். மேக்ரோ முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்வது தவறு. காலியாக விட்டு ‘சரி’ கொடுப்பவரும் உண்டு.

மதிப்புகளைப் பொது மாட்யூலில் குளோபல் மாறியில் போட்டு வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். போன முறை உள்ளிட்ட பெயர் அதிலேயே தங்கி, அடுத்த முறை வந்து நிற்கும்.

பின்சேர்க்கை: மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மட்டும் மேக்ரோ சொதப்புகிறது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது ஃபார்மை அன்லோட் செய்துவிடும். ஃபார்ம் மூடப்படும் முன் இயங்கும் ‘குவெரிகுளோஸ்’ நிகழ்வில், எப்படி மூடப்படுகிறது என்று சொல்லும் ‘குளோஸ்மோட்’ மதிப்பு ‘விபிஃபார்ம்கன்ட்ரோல்மெனு’ (அதாவது பெருக்கல் குறி) என்றால் ‘கேன்சல்’ஐ ‘ட்ரூ’ ஆக்கி, ‘ரத்தானதா’வையும் ‘ட்ரூ’ ஆக்கி, ஃபார்மை மறையுங்கள். இங்கே ‘கேன்சல்’ ஃபார்ம் மூடப்படுவதை மட்டுமே தடுக்கிறது. பயனர் ரத்துசெய்தாரா என்பதை மேக்ரோவுக்கு அது சொல்லாது. அதனால்தான் இரண்டும் வேண்டும். மதிப்பைப் படித்து முடித்த பிறகு, மேக்ரோவின் கடைசியில் ‘அன்லோட்’ போடுங்கள்.