மரம் பெயர்த்து நடும்போது தாய்மண் எவ்வளவு இருக்க வேண்டும்?

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஓரளவு வளர்ந்த மரங்களை நாற்றுப்பண்ணையில் வாங்குவோர் பெரும்பாலும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். எட்டடி வேம்பு, பத்தடி புங்கன் என்றே விலை பேசப்படுகிறது. ஆனால் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் மரம் பிழைப்பதற்கு வேரைச் சுற்றி ஒட்டிவரும் மண்கட்டியான தாய்மண்ணின் அளவே பெரிதும் காரணமாகிறது. அந்த அளவை அடிமரத்தின் பருமனைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் அளவு நாடாவைச் சுற்றி, கிடைக்கும் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். விட்டம் 10 செ.மீ.-ஐத் தாண்டினால் 30 செ.மீ. உயரத்தில் அளக்க வேண்டும். அமெரிக்க நாற்றங்கால் தரநிலை நிழல்மரங்களுக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவின்படி, 2.5 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்குத் தாய்மண் ஏறக்குறைய 40 செ.மீ. அகலமும், 5 செ.மீ. மரத்துக்கு 60 செ.மீ. அகலமும், 7.5 செ.மீ. மரத்துக்கு 80 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும். சுற்றளவு 16 செ.மீ. காட்டும் வேம்புக்கு இதன்படி இரண்டடி அகலத் தாய்மண் தேவை. அதன் எடை நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், ஒருவர் தோளில் தூக்கி வரும் அளவுக்குச் சிறிய மண்கட்டியோடு அத்தகைய மரத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆழம் அகலத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கும்.

மண்ணின் தன்மையையும் பார்க்க வேண்டும். சிதம்பரம் பக்கத்துக் களிமண் வேரைப் பிடித்துக்கொள்ளும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில் வளர்ந்த மரத்தின் தாய்மண்ணோ தூக்கும்போதே உதிர்ந்துவிடும். அங்கே முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டியதும் சணல் சாக்கால் இறுகச் சுற்றிக் கயிறு கட்டிய பிறகே அடிவேரை அறுக்க வேண்டும். தூக்கும்போது அடிமரத்தைப் பிடிக்காமல் மண்கட்டியின் அடியைத் தாங்கிப் பிடிப்பது கட்டாயம்.

பையில் வளர்ந்த கன்றுக்கு இந்த விகிதம் பொருந்தாது, ஏனென்றால் அதன் வேர்கள் முழுவதும் பைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதில் பார்க்க வேண்டியது பையின் சுவரையொட்டி வட்டமாகச் சுற்றிய வேர்களைத்தான். அவற்றை நடும்முன் வெட்டாவிட்டால், பின்னாளில் அடிமரத்தையே நெரிக்கும். காற்றுக்கும் மரம் நிற்காது. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழியைத் தாய்மண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கு அகலமாகவும், ஆழத்தில் அதற்கு மிகாமலும் வெட்டுங்கள். வேர் பிரியும் அடிப்பகுதி தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடினால் பட்டை அழுகும். மரத்தைக் குழியில் நிறுத்தியபின் மேற்புறச் சாக்கையும் கயிற்றையும் அறுத்து நீக்குங்கள்; பிளாஸ்டிக் என்றால் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவதே நல்லது. புயல் காலமும் அதுவே என்பதால், இருபுறமும் கழி ஊன்றித் தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிடுங்கள். மழை ஓய்ந்ததும், குழியைச் சுற்றி மட்டும் தண்ணீர் பாய்ச்சாமல், தண்டுக்கு அருகே தாய்மண்ணின்மீதே மெதுவாக ஊற்றுங்கள்; சுற்றுமண் ஈரமாக இருந்தாலும் தாய்மண் உலர்ந்து போயிருக்கக்கூடும்.