கண்ணாடிக் கூரை ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

கண்ணாடிக் கூரை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கல் பட்டால் உடைந்துவிடாதா? உடையலாம், ஆனால் அது எப்போதோ நடப்பது. இந்தக் கார்களை மெல்ல மெல்லக் கெடுப்பது தண்ணீர். கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கும், அதற்குக் கீழே கண்ணில் படாமல் இருக்கும் வடிகால் குழாய்களும் நன்றாக இருந்தால் கார் பல வருஷம் தெம்பாக இருக்கும். அந்த இரண்டையும் யாரும் கவனிக்காமல் விட்டால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஒயர் முனைகள் பச்சை பூக்க ஆரம்பித்திருக்கும்.

முதலில் உங்கள் கூரை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பராமரிப்பு வகைக்கு வகை மாறும். அசையாமல் ஒட்டப்பட்ட கண்ணாடி என்றால் தலைவலி குறைவு. நடுவில் ஒரு பட்டை, அதன் இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கும் பலகை என்று இருந்தால் அது டி-டாப். 1968 கார்வெட்டில் வந்த இந்த அமைப்பு, பிறகு நிசான் 300இசட்எக்ஸ், டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களில் கண்ணாடிப் பலகைகளோடு வந்தது. ரப்பர் அதிகம், இணைப்பு அதிகம், அதனால் ஒழுகும் வாய்ப்பும் இதில்தான் அதிகம். மூன்றாவது, மோட்டாரால் நகரும் கண்ணாடி. 1960-களில் கழற்றும் கூரையோடு தொடங்கிய போர்ஷே 911 டார்கா, 1990-களின் நடுவில் 993 தலைமுறைக்கு வந்தபோது கூரையே முழுக் கண்ணாடியாகி, பின்கண்ணாடிக்கு அடியில் நகர்ந்து உட்காரும்படி மாறியது. அழகான யோசனைதான், ஆனால் கூரையைத் திறந்து வைத்து ஓட்டும்போது பின்பக்கத்தை இரண்டு அடுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும், வாங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, கண்ணாடி போலத் தெரிவதெல்லாம் கண்ணாடி இல்லை. கார்வெட் மாதிரியான கார்களில் கழற்றக்கூடிய ஒளிபுகும் கூரை ஒருவகைப் பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிகார்பனேட். எடை குறைவு, சட்டென்று உடையாது, ஆனால் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை இதன்மேல் அடித்தால் மேல்பூச்சு மங்கிப்போகும், அப்புறம் பாலிஷ் போட்டாலும் பழைய தெளிவு வராது. நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, கார் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். காய்ந்த தூசியை வெறும் துணியால் துடைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

நிஜக் கண்ணாடி என்றால் ஓரத்தில் பொறித்திருக்கும் சின்னக் குறியைப் படியுங்கள். பல கண்ணாடிகளில் லேமினேட்டட் அல்லது டெம்பர்டு என்று அங்கேயே எழுதியிருக்கும். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், விரிசல் விட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும், சின்னக் கல்லடியைப் பிசின் ஏற்றிச் சரிசெய்யவும் முடியும். டெம்பர்டு அப்படி இல்லை, உடைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கும், ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரிதாக, நிறுத்தி வைத்திருக்கும்போதே தானாக நொறுங்குவதும் உண்டு. கண்ணாடி தயாராகும்போது உள்ளே சிக்கிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகள் பின்னாளில் விரிவது அதற்கு ஒரு காரணம், யார் மேலும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். திறக்கும் கூரைகளில் ரப்பர் தண்ணீரை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். நகரும் கூரைகளில் பெரும்பாலானவற்றில் கொஞ்சம் தண்ணீர் ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் என்று கணக்குப் பண்ணித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஓரத்தில் இருக்கும் கால்வாய் பிடித்து, மூலைகளில் இருக்கும் துளை வழியாக, கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் ஓடும் குழாயில் இறக்கி, காருக்கு அடியில் விட்டுவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் கால்வாய் நிரம்பி, தண்ணீர் கூரைத் துணியிலும் கால் வைக்கும் இடத்திலும் இறங்கும். ரப்பரை மாற்று, ரப்பரை மாற்று என்று செலவு செய்துகொண்டே இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் குழாய்.

சோதிப்பது சுலபம். சமதளத்தில் காரை நிறுத்தி, கூரையைத் திறந்து, ஒரு மூலைத் துளைக்குப் பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே, கதவுக்கு முன்னாலோ சக்கர வளைவுக்குப் பின்னாலோ சில நொடியில் தண்ணீர் விழ வேண்டும். துளையிலேயே தேங்கி நின்றாலோ சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ அடைப்பு இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு ஒன்றை எடுத்து, முனையை நெருப்பில் காட்டி மழுங்கலாக்கி, ஆறவிட்டு, குழாய்க்குள் நிதானமாகச் செலுத்துங்கள். எங்கேயாவது முட்டினால் அழுத்தாமல் திருகிப் பாருங்கள். வெளியே இழுக்கும்போது முனையில் கருப்பாகக் குழைந்த சேறும் மக்கிய இலைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும், அதுதான் ஆசாமி. அப்புறம் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏர் கம்ப்ரசரை வைத்து ஊதித் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த அழுத்தத்தில் தூணுக்குள் குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, இலை உதிரும் மரத்தடியில் நிறுத்துபவர்கள் நடுவில் இன்னொரு முறை, அவ்வளவுதான் வேலை.

ரப்பருக்கு வருஷத்தில் சில முறை சிலிகான் கிரீஸ். ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, காய்ந்ததும் விரல் நுனியில் துளி கிரீஸை எடுத்து மெல்லிய படலமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வாசலின், இன்ஜின் ஆயில் இதெல்லாம் பெட்ரோலியச் சரக்கு, பல ரப்பர்களை ஊதவைத்து உருவத்தைக் கெடுத்துவிடும். மேடு பள்ளத்தில் கூரை கிறீச் கிறீச் என்று சத்தம் போடுவதும் பெரும்பாலும் காய்ந்த ரப்பர் கண்ணாடியில் உரசுவதுதான், இந்த ஒரு வேலையில் அதுவும் அடங்கிவிடும்.

கழற்றும் பலகை உள்ளவர்களுக்கு: ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறி நிற்கும்போது பலகையைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. கூரை இல்லாத உடற்கூடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பலகை சரியாக உட்காராது, அழுத்தி உட்காரவைத்தால் ஓரம் தெறிக்கும். ஜாக்கி போட்டிருக்கும்போதும் இதேதான். பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து எடுத்து, அதற்கென்று இருக்கும் உறையில் போட்டு, அதற்கான இடத்தில் மாட்டிவையுங்கள். சீட்டுக்குப் பின்னால் சும்மா சாய்த்து வைத்தால், சடன் பிரேக்கில் அது உங்கள் தலைக்குத்தான் வரும்.

அடுத்து வெயில். லேமினேட்டட் கண்ணாடியின் நடுத்தாள் புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமே தடுத்துவிடும். ஆனால் சூடு வேறு விஷயம். வெளிச்சத்தோடு வரும் சூடு உள்ளே சீட்டிலும் டேஷ்போர்டிலும் இறங்கி, அங்கிருந்து நீண்ட அலையாகத் திரும்பும்போது கண்ணாடி அதை வெளியே விடாது. அதனால் நிறுத்தும்போது உள்பக்கம் பளபளப்பான மறைப்பு, கிளம்பும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டிச் சூட்டுக் காற்றை வெளியே விட்ட பிறகு ஏசி. ஃபிலிம் ஒட்டுவதானால் அகச்சிவப்பைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம் வாங்குங்கள், வெறும் கருப்பு மலிவு ஃபிலிம் சூட்டைக் கண்ணாடியிலேயே தேக்கி விரிசல் வரை கொண்டுபோகலாம். அதற்கும் முன்னால் காரின் கையேட்டையும் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பட்டனைத் தட்டினால் இருளும் கண்ணாடி என்றால் தயாரிப்பாளரைக் கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள். 2005-இல், ஃபெராரி மொத்தமே 559 கார்கள்தான் செய்த சூப்பர்அமெரிக்கா மாடலில் அப்படி ஒரு கூரை வந்தது, அதுவே பின்பக்கம் சுழன்று திறக்கும், இன்றைக்குப் பார்த்தாலும் மனசு நின்றுவிடும்.

எடை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 12.5 கிலோ. அது காரின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் சாலையில் அதை உணர முடியாது. மரங்கள் தலைக்கு மேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் சுகத்துக்கு இது பெரிய விலையே இல்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து தலை இடிக்கிறதா என்று பாருங்கள், கழற்றும் கூரைக்கு அங்கே தனி விதி இருக்கிறதா என்றும் முன்னாலேயே கேளுங்கள்.

உடைந்துவிட்டால்? ஓரமாக நிறுத்துங்கள், தொங்கும் துண்டுகளைக் கையால் தொடாதீர்கள், உள்பக்கமாகத் தள்ளாதீர்கள். நொறுங்கிய துண்டுகள் கூரை நகரும் தண்டவாளத்திலும் வடிகால் துளையிலும் போய் உட்காரும், புதுக் கண்ணாடி போடும் முன் அவற்றை வாக்குவம் வைத்து எடுக்கச் சொல்லி நீங்களே கூட நின்று பாருங்கள். ஒட்டும் வகை என்றால் பசை இறுகும் நேரம் வரை காரை எடுக்கக் கூடாது, முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், இல்லையென்றால் கதவை அடித்துச் சாத்தும் காற்றழுத்தமே இறுகாத பசையைத் தள்ளிவிடும். இன்சூரன்ஸில் கண்ணாடி என்று போட்டிருந்தால் கூரையும் அதில் சேர்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சிலவற்றில் முன்கண்ணாடி மட்டும்தான்.

பழைய கார் வாங்குகிறீர்களா? கண்ணாடியைப் பிறகு பாருங்கள். முதலில் சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள், ஈரம் கடைசியாகக் காயும் இடம் அது. சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை போல ஏதாவது படிந்திருக்கிறதா, கூரைத் துணியின் மூலையில் பழுப்பு வளையம் இருக்கிறதா, மூடி வைத்த காரைத் திறந்ததும் நனைந்த துணி வாடை வருகிறதா, எல்லாம் பாருங்கள். நேற்றுதான் வாட்டர் வாஷ் செய்தோம் என்று சொன்னால் இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கூரைக்கான ரப்பர் செட் இன்னும் கிடைக்கிறதா, இடப் பலகை, வலப் பலகை தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்து, ரப்பர் கிடைத்தால் அதையும் காரோடு சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள்.