தெல்மா ரிட்டர் படங்களை எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

தெல்மா ரிட்டர் என்று பெயரைச் சொன்னால் பழைய ஹாலிவுட் படம் பார்க்கிறவர்களிலேயே பாதிப் பேர் யோசிப்பார்கள். ‘ரியர் விண்டோ’வில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு முதுகு தேய்த்துவிட வரும் நர்ஸ் என்றால், ‘ஓ, அந்த அம்மாவா!’ என்பார்கள். குணச்சித்திர நடிகைகளுக்கு எந்த ஊரிலும் இதுதான் கதி. சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டவர், அதில் நான்கு 1950 முதல் 1953 வரை வருடம் தவறாமல் வந்தவை, ஆனால் ஒரு முறைகூடக் கையில் கொடுக்கவில்லை.

இவர் படங்களைத் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தால், முதலில் ஒன்று: வருட வரிசையில் போகாதீர்கள். முதல் சில படங்களில் டைட்டிலில் பெயரே கிடையாது, முகம் பழகாமல் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் கடந்து போய்விடுவார். ஆஸ்கர் பட்டியலை வைத்துக்கொண்டும் போகாதீர்கள், ஏனென்றால் அவருடைய மிகப் பிரபலமான வேடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அந்த வேடத்திலிருந்தே தொடங்குங்கள். ‘ரியர் விண்டோ’, 1954, ஹிட்ச்காக். தேடும்போது வருடத்தையும் சேர்த்தே தேடுங்கள், 1998-ல் தொலைக்காட்சிக்காக இதே பெயரில் ஒன்று எடுத்திருக்கிறார்கள். கால் உடைந்து வீட்டில் கிடக்கும் புகைப்படக்காரரைக் கவனிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் நர்ஸ் ஸ்டெல்லாவாக ரிட்டர் வருவார். அவருடைய முதல் காட்சியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை காதால்: அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்று திட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி ஒருவர் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பதை வைத்தே 1929-ன் பங்குச்சந்தை வீழ்ச்சியை முன்கூட்டியே சொன்னதாகப் பெருமை, கிரேஸ் கெல்லியைக் கட்டிக்கொள்ளாமல் என்ன யோசனை என்று ஒரு வகுப்பு. இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். வாயில் தெர்மாமீட்டர் வைப்பது, ஆளைப் புரட்டிப் போடுவது, தைலம் தேய்ப்பது, அப்புறம் சாண்ட்விச் செய்யப் போவது என்று அந்த அம்மா வேலையை நிறுத்தவே மாட்டார். வசனம் பேசுவதற்காகக் கையை ஓயவிடும் நடிகர்கள் எத்தனையோ பேர், இவர் வேலை செய்யும்போது வசனம் தானாக வந்து விழுவதுபோல இருக்கும். இதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் மற்ற படங்களில் எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சப்டைட்டில் பற்றி. ரிட்டர் 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், அந்தப் பேச்சை ஸ்டுடியோவுக்காக மெருகேற்றிக்கொள்ளவே இல்லை. முதல் முறை ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் பாதி நக்கல் போய்விடும். ஆனால் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் கைகளைப் பார்க்க முடியாது, அதனால் பிடித்த காட்சிக்குத் திரும்பி வரும்போது அதை அணைத்துவிடுங்கள்.

முகம் பழகியாயிற்று என்றால் இப்போது 1947-க்குப் போகலாம், ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’. இதற்கும் 1994-ல் ரீமேக் உண்டு, பழையதையே பின்னாளில் கலர் பூசியும் விட்டிருக்கிறார்கள், கறுப்பு வெள்ளையையே எடுங்கள். மேசீஸ் கடையில் தன் பையன் கேட்ட பொம்மைத் தீயணைப்பு வண்டி எங்குமே கிடைக்காமல் அலுத்துப்போய் நிற்கும் அம்மா ரிட்டர், அது வேறு கடையில் கிடைக்கும் என்று மேசீஸின் சாண்டா கிளாஸே சொல்லும்போது அவர் முகம் போகும் போக்கைக் கவனியுங்கள். சின்ன வேடம்தான். அதைப் பார்த்த ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் தலைவர் டேரில் ஜானக் அவருக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுக்கச் சொன்னார். படம் வெளியானபோது ரிட்டருக்கு 45 வயது. நடிப்புப் பள்ளியில் படித்து, நாடகங்களில் அலைந்து, நடிகர் ஜோசப் மோரனைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளை வளர்க்க மேடையை விட்டுவிட்டு, ரேடியோ நாடகங்கள் வழியாகத் திரும்பி வந்தவர். (கணவரும் நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போய்விட்டார்.) சமையலறையும் கடைவீதியும் தெரிந்த ஒருத்தி திரையில் வந்து நின்றது போல இருப்பதற்கு அந்த இடைவெளி ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது ‘ஆல் அபௌட் ஈவ்’, 1950. பெட்டி டேவிஸின் நடிகைக்கு ஒப்பனை அறை உதவியாளராக இருக்கும் பேர்டி. ‘எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்’ படத்தில் வேலைக்காரி சேடியாக இவரை நடிக்க வைத்த இயக்குநர் ஜோசப் மேன்கிவிச் இதை இவரை மனதில் வைத்தே எழுதினார். ரசிகை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரும் ஈவ், அதாவது ஆன் பேக்ஸ்டர், தன் சோகக் கதையைச் சொல்லி ஒப்பனை அறையையே உருக வைக்கும் காட்சி வரும்போது, சொல்கிறவரை விட்டுவிட்டு பேர்டியைப் பாருங்கள். கதை முடிந்ததும் ஒரு கிண்டல் அடிப்பார், உடனே திட்டு வாங்குவார். பிறகு ஒரு நாள் காலையில் படுக்கையறையில், எஜமானியை அந்தப் பெண் பாடப்புத்தகம் மாதிரிப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று முதலில் சொல்வதும் இவர்தான். இன்னொன்றையும் குறித்து வையுங்கள், பேர்டி எந்த இடத்தில் படத்திலிருந்து காணாமல் போகிறார் என்று. பாதிக்கு மேல் ஆளே இல்லை! உண்மை எஜமானிக்கே தெரிந்துவிட்ட பிறகு பேர்டிக்கு வேலையில்லை என்று வாதாடலாம், எனக்கென்னவோ அவ்வளவு கச்சிதமான திரைக்கதையில் அது ஒரு ஓட்டைதான். ஆஸ்கரில் அந்த வருடம் இதே படத்தின் செலஸ்ட் ஹோமும் இவருடன் போட்டியில் இருந்தார், பரிசு ஜோசஃபின் ஹல்லுக்குப் போனது.

இதற்கப்புறம் ஒரு ராத்திரியை ஒதுக்கி, போனைத் தூர வைத்துவிட்டு, ‘பிக்அப் ஆன் சௌத் ஸ்ட்ரீட்’ பாருங்கள். 1953, சாமுவேல் ஃபுல்லர், 80 நிமிடம்தான். என்னைக் கேட்டால் ரிட்டரின் உச்சம் இது, ஆனால் இதிலிருந்து தொடங்கக் கூடாது. ஏனென்றால் மற்றப் படங்களில் அவர் நம்மைச் சிரிக்க வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். தெருவில் டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்புக் கொடுக்கும் மோ என்ற கிழவி. துப்புக்கு விலை பேசும் காட்சியைப் பாருங்கள், விலைவாசி ஏறிவிட்டது என்று பேரம் பேசுகிறார். அந்தக் காசெல்லாம் எதற்கு என்றால், நல்ல கல்லறைக்கு. நியூயார்க்கில் அனாதைப் பிணங்களைப் புதைக்கும் பொது மயானத்துக்குப் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய பயம். காட்டிக் கொடுக்கப்பட்ட பிக்பாக்கெட்டே அவர் மேல் கோபப்படுவதில்லை, அவளும் பிழைக்க வேண்டாமா என்கிறான். கடைசியாக ஒரு காட்சி, களைத்துப் போய் அறைக்குத் திரும்புகிறார், ரெக்கார்ட் ஓடுகிறது, அறையில் ஒரு ஆள் இருக்கிறான். என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். படம் முழுக்க ஓயாத அந்தக் கைகள் இங்கே என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள். அந்த வருடப் பரிசு டோனா ரீடுக்கு. அவர் நன்றாகத்தான் நடித்திருந்தார், ஆனாலும் மனசு ஆறவில்லை.

இதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். சிரிக்க வேண்டுமென்றால் ‘பில்லோ டாக்’, 1959, எப்போதும் தலைவலியோடு வேலைக்கு வரும் குடிகார ஆல்மா, ராக் ஹட்சனையே குடியில் தோற்கடிப்பவர். இறுக்கமான ரிட்டர் வேண்டுமென்றால் ‘பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்’, 1962, சிறையிலிருக்கும் மகன் மீது உரிமை கொண்டாடும் அம்மா, நகைச்சுவை ஒரு சொட்டுக்கூட இல்லை. மர்லின் மன்றோவின் கடைசி முழுப் படமான ‘த மிஸ்ஃபிட்ஸ்’ஸில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கதை அவரை விட்டுவிட்டுப் போய்விடும், எரிச்சலாக இருக்கும்.

‘துணை நடிகை’ என்ற பட்டம் எவ்வளவு தோராயமானது என்று தெரிய ‘த மேட்டிங் சீசன்’ பாருங்கள், 1951. ஹாம்பர்கர் கடையை இழந்த அம்மா, மகனின் புது வீட்டுக்குப் போக, மருமகள் அவரைச் சமையற்காரி என்று நினைத்துவிடுகிறாள், இவரும் அப்படியே இருந்துவிடுகிறார். டைட்டிலில் மூன்று பேருக்குப் பின்னால்தான் பெயர், ஆனால் கதை இவருடையது.

மேடையில் இவருக்குப் பரிசு கிடைத்தது, ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக 1958-ல் டோனி விருது, க்வென் வெர்டனும் இவரும் சமமாக வந்து இருவருக்கும் கொடுத்தார்கள். நாடகத்தை இனிப் பார்க்க முடியாது, பாட்டுகள் ஆல்பமாக இருக்கின்றன. குரல் இனிமை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆறு பரிந்துரைகளையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் மிச்சம் 1952-ன் ‘வித் எ சாங் இன் மை ஹார்ட்’ ஒன்றுதான், மறுபடியும் நர்ஸ். இல்லையென்றால் அந்த நேரத்தில் ஸ்டெல்லாவை இன்னொரு தடவை பாருங்கள், கொலைகாரன் பிணத்தை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று அவர் சாதாரணமாகப் பேச, ஸ்டூவர்ட்டுக்குக் காலைச் சாப்பாடு இறங்காமல் போகும் இடம் வரைக்குமாவது.