கருணையின் வேடத்தில் வரும் தவறுகள்

பௌத்தம் கற்பிக்கும் கருணையையும் ஞானத்தையும் அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க முனைவோர் பெரும்பாலும் சறுக்குவது கோபத்திலோ பொறாமையிலோ அல்ல. கோபம் வந்தால் அது கோபம்தான் என்று நமக்கே தெரிந்துவிடும். நற்குணத்தின் சாயலில் வரும் குறைகளே ஆளை ஏமாற்றுகின்றன. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரை என்னும் மடத்தில் விசுத்திமக்கம் என்ற பௌத்த நெறிநூலை எழுதிய புத்தகோசர், மைத்திரி (அன்பு), கருணை, முதிதை (பிறர் நலம் கண்டு மகிழ்தல்), உபேட்சை (மனச் சமநிலை) ஆகிய நான்கிற்கும் நேர் எதிரான தூரத்துப் பகை ஒன்றும், அதைப்போலவே தோன்றி ஏமாற்றும் கிட்டத்துப் பகை ஒன்றும் உண்டு என்று வகுத்தார். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. கிட்டத்துப் பகையோ துயரம்.

பிறர் துன்பத்தைக் கண்டு தானும் நொறுங்கிப்போவதே கருணை என்று எண்ணுவது இதனால்தான் முதல் தவறாகிறது. போர், வெள்ளம், விபத்து என்று நள்ளிரவுவரை காணொளிகளைப் பார்த்துக் கண்ணீர் விடுபவரால் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் போய்ச் சேர்வதில்லை; அவருடைய தூக்கம் மட்டும் போகிறது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநயபிடகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை, அவரால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று சொல்லி மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். அங்கே வந்த புத்தர் அறம் உரைக்கத் தொடங்கவில்லை. தம் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாம் ஊற்ற அவர் கழுவ, இருவருமாகத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன்பின் நோயாளியைப் பேணுபவருக்கு வேண்டிய தகுதிகளையும் அவர் சொன்னார்: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும், ஆதாயம் கருதாத அன்பு வேண்டும், மலத்தையும் வாந்தியையும் அள்ள அருவருக்கக் கூடாது, நல்ல சொல்லால் நோயாளியின் மனத்தைத் தேற்றவும் தெரிய வேண்டும். இந்தப் பட்டியலில் கண்ணீருக்கு இடமில்லை என்பதையும், பத்தியம் அறிவது அன்புக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதையும் முதியோரைப் பராமரிக்கும் குடும்பங்கள் சற்றே கவனிப்பது நல்லது.

உபேட்சையின் கிட்டத்துப் பகை, அறியாமையால் வரும் பாராமுகம். மனைவி தன் குறையைச் சொல்லும்போதும், சக ஊழியருக்குச் சம்பளம் மறுக்கப்படும்போதும் "எல்லாம் அநித்தியம்" என்று நகர்ந்துவிடுவது சமநிலை ஆகாது. அது வசதியான சோம்பல். துன்பப்படுபவரைப் பார்த்து "அவரவர் வினை" என்பதும் இதே வகைதான். நாம் உணரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் வருவன என்ற கருத்தைச் சீவக சூத்திரம் என்னும் உரையில் புத்தர் வெளிப்படையாக மறுக்கிறார். பித்தம், கபம், வாயு, இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் ஆகியவற்றோடு வினையும் 8 காரணங்களில் ஒன்று, அவ்வளவே.

இதமாகப் பேசுவது மட்டுமே கருணை என்று கொண்டு, குடித்து அழிக்கும் உறவினருக்குக் கேட்டபோதெல்லாம் கடன் கொடுப்பவர்களும் உண்டு. அபய ராஜகுமார சூத்திரத்தில், மடியில் இருக்கும் குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் இளவரசனைக் கேட்கிறார். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் உள்ள இரக்கத்தால்தான், என்கிறான் அவன். நன்மைக்காகச் சொல்லும் கசப்பான சொல்லும் அப்படித்தான். ஆனால், "உள்ளதைத்தான் சொன்னேன்" என்று எல்லோரையும் புண்படுத்துபவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் சொல்வது உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தாலும் அதற்குரிய காலம் பார்த்தே ததாகதர் (புத்தர்) சொல்வார் என்று அதே சூத்திரம் தொடர்கிறது.

இன்னொன்று, தியானத்தில் கிடைக்கும் அமைதியை வைத்துத் தன்னை அளந்துகொள்வது. ககசூபம சூத்திரத்தில் வரும் வேதேகிகை சாவத்தி நகரில் சாந்தமானவள் என்று பெயர் பெற்ற இல்லத்தரசி. எசமானியிடம் கோபமே இல்லையா, அல்லது தன் வேலையில் குறை இல்லாததால் அது வெளிப்படவில்லையா என்று சோதிக்க விரும்பிய பணிப்பெண் காளி வேண்டுமென்றே தாமதமாக எழத் தொடங்கினாள். சில நாட்களிலேயே வேதேகிகை கதவுத் தாழ்ப்பாளை எடுத்து அவள் மண்டையை உடைத்தாள். தியானச் செயலி காட்டும் நாள் கணக்கைவிட, வீட்டு வேலைக்கு வருபவர் சொல்லாமல் நின்றுவிட்ட காலையில் நம் வாயில் என்ன வருகிறது என்பது நம்பகமான அளவு.