செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை ஊருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். உலகப் புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்துக்குள் பைசா செலவில்லாமல் நடந்து வரலாம்.

காரணம் எளிது. அது தனியார் கிளப்பின் இடமல்ல, பொது நிலம். புல்தரைக்கு ஓய்வு கொடுக்க ஞாயிறன்று ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தைகளோடும் உலாவ வந்துவிடுவார்கள். பதினெட்டாவது குழிக்குப் போகும் வழியில் ஓடையைக் கடக்கும் ஸ்வில்கன் பாலத்தில் நிதானமாக நின்று படம் எடுக்கலாம். ஆடு மாடு ஓட்டிப்போக ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் கட்டிய சின்னக் கல்பாலம் அது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எவ்வளவு சின்னது என்பது தெரியும். குழி இருக்கும் கிரீன், மணல் பள்ளம் இரண்டிலும் மட்டும் கால் வைக்காதீர்கள்.

ஓப்பன் சாம்பியன்ஷிப் போன்ற பெரிய போட்டி நடந்தால் ஞாயிறும் ஆட்டம் உண்டு, உள்ளே உலாவ முடியாது. கிளம்பும் முன் மைதானத்தின் இணையதளத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலில் பி.எச். என்ற எழுத்துகள் தரையில் பதித்திருக்கும். 1528இல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற புராட்டஸ்டன்ட் போதகரை உயிரோடு எரித்த இடம். அந்த எழுத்துகளை மிதித்தால் தேர்வில் தோல்வி என்று ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். நீங்களும் விலகியே நடங்கள்.